சேற்றில் இறங்கி அரிட்டாபட்டிக்கு: மழைக்கால நடைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மதுரைப் பக்கத்தில் சமணக் குகைகள் இருக்கிற அரிட்டாபட்டி மலைக்கு எப்போது போகலாம் என்று கேட்டால் தை, மாசியில் போங்கள் என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். தரை காய்ந்திருக்கும், வெயிலும் ஏறியிருக்காது, பிள்ளைகளையும் கூட்டிப்போகலாம். எல்லாம் சரிதான். ஆனால் என்னைக் கேட்டால் ஐப்பசி, கார்த்திகை என்பேன். கணுக்கால் வரை சேறு இருக்கிற காலம்தான் அந்த மலையைப் பார்க்கிற காலம்.

அதற்குக் காரணம் குகையின் நெற்றியில் இருக்கிறது. சமண முனிவர்கள் தங்கிய இயற்கைக் குகைத்தளங்களின் மேல்விளிம்பில் உளியால் ஒரு நீண்ட பள்ளம் வெட்டியிருப்பார்கள். அதற்குக் காடி என்று பெயர். கோடையில் பார்த்தால் அது பாறையில் ஒரு கோடு, அவ்வளவுதான். மழையில் நின்று பாருங்கள். மலை மேலிருந்து பாறையோடு ஒட்டி வழிகிற தண்ணீர் அந்தக் காடி வரை வந்து, உள்ளே போக வழியில்லாமல், விளிம்பிலேயே திரைபோல விழும். உள்ளே ஆள் படுக்கிற இடம் உலர்ந்தே இருக்கும். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்னால் ஒரு கல்தச்சர் செய்த வேலை உங்கள் கண் முன்னால் இன்றைக்கும் நடக்கும்.

இன்னொன்றும் உண்டு. ஆடியிலிருந்து கார்த்திகை வரை நான்கு மாதம் சமணத் துறவிகள் ஊர் ஊராக நடப்பதை நிறுத்தி ஓரிடத்தில் தங்க வேண்டும் என்பது அவர்களுடைய விதி. மழை ஈரத்தில் மண்ணெல்லாம் புழுவும் பூச்சியும் முளையுமாக இருக்கும், நடந்தால் மிதிபடும் என்பதுதான் காரணம். அவர்கள் நடப்பதை நிறுத்திய காலத்தில் நாம் நடக்கப் போகிறோம். ஆகவே காலை எங்கே வைக்கிறோம் என்று பார்த்து வைப்பதுதான் இந்த நடையின் முதல் பாடம். கீழே நான் சொல்வதெல்லாம் கிட்டத்தட்ட அதன் விரிவுதான்.

இடம்

மதுரையிலிருந்து வடகிழக்கே சுமார் 25 கிலோமீட்டர், மேலூர் வட்டம். மாட்டுத்தாவணியிலிருந்து மேலூருக்குப் பேருந்துக்குப் பஞ்சமில்லை. அங்கிருந்து ஊருக்குள் போகிற பேருந்து குறைவு. திரும்பி வரும் நேரத்தையும் ஏறும்போதே நடத்துநரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நான்கு பேர் சேர்ந்தால் மேலூரிலிருந்து ஆட்டோ பேசிக்கொள்வது நல்லது. இருசக்கர வண்டியில் போகிறவர்கள் வண்டியை ஊருக்குள்ளேயே நிறுத்திவிட வேண்டும். மண்பாதையில் மழைக்குப் பிறகு சக்கரம் வெட்டிய தடத்தில் தண்ணீர் தேங்கி, மறுநாள் அந்தப் பாதையில் மாடுகூட நடக்க முடியாமல் போகும்.

அரிட்டாபட்டியும் அதை ஒட்டிய மீனாட்சிபுரமும் சேர்ந்த 193 ஹெக்டேர் சொச்சம் பரப்பைத் தமிழ்நாடு அரசு 2022 நவம்பரில் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. மாநிலத்தில் இதுதான் முதல். ஏழு குன்றுகள், 72 நீர்நிலைகள், 200 சுனைகள், மூன்று தடுப்பணைகள், ஏறக்குறைய 250 வகைப் பறவைகள் என்று அந்த அறிவிப்பு கணக்குச் சொல்கிறது. எறும்புத்தின்னி, தேவாங்கு, மலைப்பாம்பு எல்லாம் இருக்கிற இடம். பாறை முகடுகளில் வல்லூறும் ராஜாளியும் கூடு கட்டும். ஒலிபெருக்கியும் டிரோனும் இந்தப் பக்கம் வேண்டவே வேண்டாம்.

நாளும் நேரமும்

வடகிழக்குப் பருவமழை அக்டோபர் நடுவில் தொடங்கி டிசம்பர் வரை. என் கணக்கு அதில் நவம்பர் தொடக்கத்திலிருந்து டிசம்பர் நடு வரை. கண்மாயில் தண்ணீர் ஏறியிருக்கும், வயல் நட்டு முடிந்து பச்சை பிடித்திருக்கும், பாறை இடுக்கிலெல்லாம் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கும்.

கனமழை கொட்டிய மறுநாள் போக வேண்டாம். ஒரு நாள் விட்டுப் போங்கள். தூறல் இருந்தால் பரவாயில்லை, அது காடியைப் பார்க்க உதவும். ஐப்பசி மாதத்தில் இடி பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் கட்டும். மொட்டைப் பாறையில் நிற்கிற ஆளைவிட உயரமாக அங்கே வேறொன்றும் இருக்காது. விடியற்காலை 6 மணிக்கு நடக்கத் தொடங்கி, பகல் 12 மணிக்குள் ஊருக்குத் திரும்பிவிட வேண்டும். இடிச்சத்தம் கேட்டதுமே பாறையை விட்டு இறங்குங்கள். ‘இன்னும் தூரத்தில்தானே இருக்கிறது’ என்று காத்திருக்கக் கூடாது.

காலுக்கு என்ன போடுவது

முதல் தடவை ரப்பர் செருப்போடு போனேன். கண்மாய்க் கரையில் பத்தாவது எட்டில் செருப்பு சேற்றுக்குள் ஒட்டிக்கொண்டது, இழுத்தேன், வார் அறுந்துவிட்டது. மிச்ச தூரம் வெறுங்காலோடு. கரையோரம் சீமைக்கருவேலம். காய்ந்த தரையில் முள் படுத்துக் கிடக்கும், கண்ணுக்குத் தெரியும். ஈர மண்ணில் அது சேற்றுக்குள் புதைந்து நுனியை மேலே காட்டிக்கொண்டு நிற்கும். ஒன்று குதிகாலில் ஏறி, மூன்று நாள் நொண்டினேன்.

கம்பூட்டும் வேண்டாம். களிமண் அதைப் பிடித்துக்கொண்டு காலை மட்டும் விடும். அதற்குள் தண்ணீர் புகுந்தால் சுமந்துகொண்டு நடக்க வேண்டியதுதான். அடியில் பள்ளம் பள்ளமாகப் பிடிமானம் உள்ள, பின்னால் பட்டை வைத்துக் கட்டுகிற சாண்டல் அல்லது பழைய கான்வாஸ் ஷூ போதும். ஷூவென்றால் நாடாவை இரட்டை முடிச்சாகப் போடுங்கள். பருத்திச் சாக்ஸ் ஈரத்தைப் பிடித்துக் கொப்புளம் கிளப்பும். காலில் சின்னக் காயம் இருந்தால்கூட அன்றைக்கு நீர்ப்புகாத பிளாஸ்திரி ஒட்டிக்கொள்ளுங்கள், எலிக்காய்ச்சல் பரவுவது இப்படித் தேங்கிய நீரும் திறந்த புண்ணும் சேரும்போதுதான்.

பையில் ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர், ஒரு துண்டு, மாற்றுத் துணி, செல்போனுக்கு நல்ல தடிமனான பிளாஸ்டிக் பை, ஒரு சின்ன டார்ச். டார்ச் கட்டாயம் வேண்டும், ஏன் என்று குகைத்தளத்தில் சொல்கிறேன். கையில் தோள் உயரத்துக்கு ஒரு கம்பு.

சேற்றைப் படிப்பது

சேறெல்லாம் ஒன்று இல்லை. வண்டிப்பாதைச் செம்மண் மேலே சோப்பு மாதிரி வழுக்கும், அடியில் கெட்டி. அங்கே விழுவீர்களே தவிர, புதைய மாட்டீர்கள். மாடுகள் தண்ணீருக்கு இறங்குகிற இடத்தில் குளம்பு மிதித்த குழிகளாக இருக்கும். இரண்டு குழிக்கு நடுவில் மேடாக நிற்பதை மிதிக்க ஆசை வரும், அது சரியும். குழிக்குள்ளேயே கால் வையுங்கள், மாட்டின் எடை அடிவரை அழுத்தி வைத்திருக்கும்.

மோசமானது கண்மாய் உள்வாயில் இருக்கிற வண்டல். இரண்டு நாள் வெயில் பட்டால் காய்ச்சிய பாலில் ஆடை கட்டுவதுபோல மேலே ஒரு பொருக்கு கட்டிவிடும். பார்த்தால் நடக்கலாம் போலத் தெரியும். கம்பை ஊன்றிப் பாருங்கள், ஒரு முழம் தடையில்லாமல் இறங்கினால் அந்தப் பக்கமே போகக் கூடாது. கரை மேலேயே நடங்கள்.

நடக்கும் முறை எளிது. எட்டைச் சின்னதாக வைத்து, பாதம் முழுவதையும் தட்டையாகப் பதிக்க வேண்டும். குதிகாலை ஊன்றினால் சறுக்கும், முன்காலை ஊன்றினால் புதையும். கால் மாட்டிக்கொண்டால் அப்படியே மேலே இழுக்காதீர்கள். குதிகாலை மட்டும் முதலில் மெல்லக் கிளப்பி, உள்ளே காற்றுப் போக இடம் கொடுங்கள். ‘பொளக்’ என்று ஒரு சத்தம் வரும். அப்புறம் கால் தானாக வந்துவிடும்.

கண்மாய்க் கரையும் வரப்பும்

ஊரில் ஆனைகொண்டான் கண்மாய் இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டில், பாண்டியர் காலத்தில் வெட்டியது என்று அரசு அறிவிப்பே சொல்கிறது. கண்மாயைப் பார்க்கிறவர்கள் தண்ணீரைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் மடையையும் கலுங்கையும் பாருங்கள். மடை வயலுக்குத் தண்ணீர் விடுகிற வாய். கலுங்கு கண்மாய் நிறைந்தபின் மிச்சத்தை அடுத்த கண்மாய்க்கு அனுப்புகிற வழி. கலுங்கு ஓடினால் ‘மறுகால் பாயுது’ என்பார்கள். சொல்லும்போதே முகத்தில் ஒரு சந்தோஷம் தெரியும். தண்ணீர் பாய்ந்துகொண்டிருக்கிற கலுங்கின் மேல் கடக்காதீர்கள், கல் முழுக்கப் பாசி. மடைக்கு அருகில் கண்மாய்க்குள் இறங்குவதும் கூடாது, உள்ளிழுப்பு மேலே தெரியாது.

வரப்பு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நடவுக்கு முன்னால் வரப்பின் பக்கத்தை வெட்டிவிட்டு, வயல் சேற்றையே அள்ளி அப்பி வழித்து விடுவார்கள். அண்டை போடுவது என்பது அதைத்தான். நண்டு வளை, எலி வளை எல்லாம் அடைபட்டு வயல் தண்ணீர் வயலிலேயே நிற்பதற்கான வேலை. அது இறுகுவதற்குள் ஒருவர் மிதித்தால் அந்தக் காலடியே ஒரு வாய்க்கால். ராத்திரியோடு ராத்திரியாகத் தண்ணீர் கசிந்து, போட்ட உரமும் அதோடு போய்விடும். ஒருமுறை இது தெரியாமல் நான் வரப்பில் ஏறப்போனபோது, நாற்றுமுடிச்சைத் தலையில் வைத்திருந்த பெரியவர் ஒருவர் சத்தமே போடாமல் சொன்னார்: “அண்டை போட்டு ரெண்டு நாள்தான் ஆச்சு தம்பி. அந்தா அந்தப் பனை இருக்குல்ல, அப்படிச் சுத்திச் சூதானமா போங்க.” ஈரப் பளபளப்போடு, வழித்த விரல் தடம் தெரிகிற வரப்பைக் கண்டால் சுற்றிப் போங்கள். சந்தேகமாக இருந்தால் வயலில் இருப்பவரிடம் கேளுங்கள். வரிசையாக, ஒருவர் வைத்த அடியிலேயே அடுத்தவர் அடி வைத்து நடங்கள்.

குடைவரை

ஊர்க்காரர்கள் இடைச்சி மண்டபம் என்று சொல்கிற சிவன் குடைவரை, மலையைக் குடைந்து செய்த சின்னக் கோயில். முற்காலப் பாண்டியர் காலம், 7 அல்லது 8ஆம் நூற்றாண்டு. லிங்கமும் தாய்ப்பாறையிலேயே செதுக்கியது. வாயில் காவலர் இருவர், வெளியே ஒரு மாடத்தில் பிள்ளையார், இன்னொரு மாடத்தில் லகுலீசர்.

அந்த லகுலீசருக்காக ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். பாசுபதம் என்ற பழைய சைவ நெறியின் ஆசான், கையில் தண்டத்தோடு உட்கார்ந்திருப்பவர். தமிழ்நாட்டில் அவர் சிற்பம் மிக அரிது. குஜராத்தில் உள்ள காயாரோகணம் என்கிற ஊரோடு சேர்த்துச் சொல்லப்படுபவர். நம்முடைய நாகைக் காரோணம், குடந்தைக் காரோணம் என்ற சிவன் கோயில் பெயர்களில் இருப்பது அதே காயாரோகணம்தான். அங்கே தொடங்கிய ஒரு நெறி, மேலூர்ப் பக்கத்துக் கிராமத்துப் பாறை வரை நடந்து வந்திருக்கிறது. கோயிலில் வழிபாடு உண்டு. செருப்பைக் கழற்றுவதோடு காலையும் கழுவிக்கொண்டு போங்கள், சேற்றுக்கால் தடம் அந்தத் தரைக்கு வேண்டாம்.

பாறையில் ஏறுவது

இங்கே சேறு முடிந்து வழுக்கல் தொடங்கும். ஈரமான வெளிர் பாறை பிடிக்கும். கறுத்த பட்டையாகத் தெரிவது தண்ணீர் வழிகிற தடம், அதில் பாசி இருக்கும், மிதிக்கவே கூடாது. ஏறுவதற்கு முன்னால் செருப்பின் அடியில் அப்பியிருக்கும் மண்ணைக் குச்சியால் நோண்டி எடுத்துவிடுங்கள். மண் அடைத்த செருப்பு பாறையில் நிற்காது. ஏறிய இடம் எல்லாம் இறங்க முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள், இறங்கும் வழியைப் பார்த்துவிட்டு ஏறுங்கள்.

பாறை நெற்றியில் கறுப்பு அரைவட்டமாகத் தொங்குவது மலைத்தேனீக் கூடு. அந்தப் பக்கம் புகை, வாசனைத் திரவியம், கூச்சல் எதுவும் கூடாது. தேனீ கிளம்பினால் கையை வீசாமல், துண்டால் தலையை மூடிக்கொண்டு விலகி ஓடுங்கள். மழையில் பாம்புகளும் மேட்டுக்கு வரும். கல் இடுக்கில் கை விடாதீர்கள். கடித்துவிட்டால் கட்டுப்போடுவது, கீறுவது, உறிஞ்சுவது ஒன்றும் வேண்டாம். கடிபட்டவரை நடக்க விடாமல் 108க்குச் சொல்லி, மேலூர் அரசு மருத்துவமனைக்கோ மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கோ கொண்டுபோங்கள்.

குகைத்தளத்தில் ஒரு மணி நேரம்

நடையின் உச்சம் இதுதான். அவசரப்படாதீர்கள். முதலில் மூச்சு வாங்கி, துண்டால் தலையையும் கையையும் துடைத்துக்கொண்டு வெளியிலிருந்தே காடியைப் பாருங்கள். அதன் அருகில்தான் தமிழின் மிகப் பழைய எழுத்து வடிவமான தமிழி இருக்கிறது. நேராக வெளிச்சம் அடித்தால் ஒன்றும் தெரியாது. டார்ச்சைப் பாறையோடு பாறையாகச் சாய்த்துப் பிடித்துப் பக்கவாட்டில் அடியுங்கள். ஆழம் குறைந்த கீறலும் நிழல் கட்டி எழும்.

கூட்டல் குறிபோல இருப்பதைத் தேடுங்கள், அது ‘க’. படுத்த கோட்டின் நடுவில் ஒரு குச்சி நட்டதுபோல இருந்தால் ‘ந’. இந்த இரண்டைக் கண்டுபிடித்துவிட்டால் பாறை பேசத் தொடங்கிவிடும். ஒரு கல்வெட்டு இப்படி: ‘நெல்வெளிஇய் சிழிவன் அதினன் வெளியன் முழாகை கொடுபிதோன்’. நெல்வேலியைச் சேர்ந்த சிழிவன் அதினன் வெளியன் இந்தக் குகையை அமைத்துக் கொடுத்தான் என்பது பொருள். சிழிவன் என்பது செழியன். இன்னொன்று இலஞ்சியைச் சேர்ந்த ஒரு வேளின், அதாவது குறுநிலத் தலைவரின், மகன் எமயவன் கொடுத்தது. நெல்வேலியைத் திருநெல்வேலியாகவும், இலஞ்சியைக் குற்றாலத்துப் பக்கத்து இலஞ்சியாகவும் அறிஞர்கள் கொள்கிறார்கள். அப்படியென்றால் தாமிரபரணிப் பக்கத்து மனிதர்கள் இவ்வளவு தூரம் வந்து, யாரோ ஒரு துறவி மழையில் நனையாமல் படுக்கட்டும் என்று செலவு செய்திருக்கிறார்கள். சேற்றில் 3 மணி நேரம் நடந்துவிட்டு இதைப் படிக்கும்போது அந்த அக்கறை உடம்புக்கே புரியும்.

எழுத்தைத் தொடாதீர்கள். விரலால் தடவுவது, சாக்பீஸ் பூசிப் படமெடுப்பது, தண்ணீர் ஊற்றுவது எல்லாமே அதைத் தேய்க்கும்.

பக்கத்தில் மகாவீரர் புடைப்புச் சிற்பம். இது கல்வெட்டுக்கு ஆயிரம் ஆண்டு பிந்தியது. பழைய வண்ணப்பூச்சின் மிச்சம் தெரியும். வட்டெழுத்தில் எழுதியிருப்பது, இந்த மலையைத் திருப்பிணையன் மலை என்கிறது, அச்சணந்தி என்ற சமணத் துறவி செய்வித்த திருமேனி என்கிறது, இதைக் காப்பது பாதிரிக்குடியார் பொறுப்பு என்று முடிகிறது. அந்தக் கடைசி வரியை நான் ஒவ்வொரு முறையும் நின்று பார்ப்பேன். ஒரு குடிமக்கள் கூட்டத்தை நம்பி மலை ஒப்படைக்கப்பட்டிருக்கிறது.

2024 நவம்பரில் இந்தப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு 2,015 ஹெக்டேருக்கு மேல் ஏலம் விடப்பட்ட செய்தி வந்தது. ஊர் ஊராக மக்கள் திரண்டார்கள். டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்துசெய்தது. கிரானைட்டுக்காக எத்தனையோ குன்றுகளை இழந்த மேலூர் வட்டாரத்தில் இந்தக் குன்றுகள் இன்றும் நிற்கின்றன என்றால், பாதிரிக்குடியாரின் வேலையை இப்போதும் யாரோ செய்கிறார்கள் என்றுதான் அர்த்தம்.

ஊரில்

வழி தெரியவில்லையென்றால் செல்போன் வரைபடத்தை நம்பி அலையாமல் ஊர்க்காரர் ஒருவரை உடன் அழைத்துக்கொள்ளுங்கள். அவருடைய அரைநாள் கூலிக்குக் குறையாமல் கொடுங்கள். டீயும் வடையும் ஊர்க் கடையிலேயே சாப்பிடுங்கள். யாராவது வீட்டு வாசலில் தண்ணீர் கொடுத்தால் சேற்றுக்காலோடு திண்ணையில் ஏறாமல் நின்றே குடியுங்கள். வயலில் வேலை செய்கிறவர்களைக் கேட்காமல் படமெடுக்காதீர்கள்.

இன்னும் தெம்பும் வெளிச்சமும் இருந்தால் மீனாட்சிபுரம் பக்கத்து மாங்குளம் மலை இருக்கிறது. 1882இல் ஆங்கிலேய அதிகாரி ராபர்ட் சிவெல் கண்டறிந்து சொன்ன கல்வெட்டுகள் அங்கே. பாண்டிய மன்னன் நெடுஞ்செழியன் பெயரும், கணி நந்தாசிரியன் என்ற துறவியின் பெயரும், வெள்ளறை நிகமத்தார் என்ற வணிகர் குழுவும் அவற்றில் வருகின்றன. ஆனால் ஏற்றம் கடினம். ஒரே நாளில் இரண்டையும் திணித்து இரண்டையும் அரைகுறையாகப் பார்ப்பதைவிட, அதற்கென்று இன்னொரு காலை ஒதுக்குவதே மேல்.

திரும்பும்போது கண்மாயில் இறங்கிச் செருப்பைக் கழுவ வேண்டாம், அது ஊர் புழங்குகிற தண்ணீர். கரையோரக் கல்லில் தட்டி, குச்சியால் நோண்டி, மண்ணை அங்கேயே விட்டுவிடுங்கள். வீட்டுக்கு வந்து நிழலில் உலர்த்துங்கள், வெயிலில் போட்டால் ஒட்டு விட்டுப்போகும். சாண்டல் பட்டையின் மடிப்பில் கொஞ்சம் செம்மண் எப்படியும் தங்கும். பழைய பல் தேய்க்கும் பிரஷ் அதற்குச் சரியாக வரும்.